அப்பா பெயரில் பணம் கேட்பது கையேந்துவதா?

கேள்வி: எங்கள் அப்பா மன்னார்குடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். போன ஆவணியில் காலமானார். பீரோவைச் சுத்தம் செய்தபோது 1983-ஆம் வருடத்து வாடகை நோட்டு கிடைத்தது. அதில் ஒரு பையன் பெயருக்கு நேராக 75 காசு பாக்கி, அடிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. தெருமுனை வீட்டுப் பையனாம். எட்டு வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான் என்றார் அம்மா. வருஷ திதிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் தெரிந்தவர்களிடம் ஒரு லட்சம் திரட்டி, குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்க ஆசைப்படுகிறேன். அண்ணனோ, "யார்கிட்டயும் கை நீட்டாத மனுஷன் போட்டோவை வாட்ஸ்அப்புல போட்டுப் பிச்சை கேப்பியா? அன்னதானம் போடு, போதும். ஆராய்ச்சிக்குக் கொடுத்தா கண்ணுக்கு என்ன தெரியப் போகுது?" என்கிறார். என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி

பதில்: அந்த 75 காசைப் படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். வசூலாகாத பாக்கியைக் கடைக்காரர்கள் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். உங்கள் அப்பா அடிக்கவில்லை.

அண்ணனின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நியாயமான கேள்வி அது. அந்தப் பையன் நோயில் விழுந்த காலத்தில், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று பிழைப்பதே நம் நாட்டில் பெரும்பாடு. எண்பதுகளின் நடுவில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்றொரு சிகிச்சை முறையை வகுத்தன. அதற்காகப் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்துகளையே எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளியில் கொடுப்பது என்று தீர்மானித்து, ஒவ்வொரு குழந்தையையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து குறித்து வைத்தார்கள். பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதியை ஒட்டி உயர்ந்தது. ஆராய்ச்சி என்றால் பாதிக்கு மேல் இந்த நோட்டு எழுதுகிற வேலைதான். சைக்கிள் கடைக்காரர் மகனுக்கு இது புரியாமல் போகாது.

அடுத்தது கையேந்தும் விஷயம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மனதில் வைத்து, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் ஊரெல்லாம் நிதி கேட்டார். 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு மருத்துவமனை எழுந்தது அப்படித்தான். அதைப் பிச்சை என்று யாரும் சொன்னதில்லை.

ஆனால் அண்ணனுக்குள் இருக்கிற கூச்சத்தைத் தட்டிவிடாதீர்கள். கேட்கிற விதத்தில் அப்பாவின் மானம் தெரிய வேண்டும். பணம் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது. நீங்கள் கொடுக்க நினைக்கிற மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், ரசீதும் கொடுத்தவர் பெயரிலேயே வரட்டும். "குழந்தைகள் புற்றுநோய் ஆய்வுக்கு மட்டும்" என்று ஒதுக்கிக் கொடுக்க முடியுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பொது நிதியில் கலந்துவிடும். அதுவும் நல்ல காரியம்தான், ஆனால் நீங்கள் சொல்லிக் கேட்டது வேறல்லவா? வரிவிலக்கு எதிர்பார்ப்பவர்களிடம், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது கிடைக்காது என்றும், புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு நன்கொடைக்கான அந்தச் சலுகையே இல்லை என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் மொட்டைத்தலைக் குழந்தைகளின் படத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். அப்பா கடை வாசலில் நிற்கிற படம் ஒன்று, நாலே வரி, போதும். அந்தப் பையன் பெயரையும் எழுத வேண்டாம். அவன் வீட்டார் எங்காவது இருப்பார்கள். கொடுக்காதவர்களிடம் இரண்டாம் முறை கேட்காதீர்கள், ஒரு லட்சம் சேராவிட்டால் சேர்ந்ததைக் கொடுங்கள்.

அன்னதானத்தை விடச் சொல்ல மாட்டேன். திதியன்று அண்ணன் அதைப் போடட்டும், நீங்களும் நின்று பரிமாறுங்கள். அவரிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: யார் எவ்வளவு கொடுத்தார்கள், ரசீது வந்துவிட்டதா என்று ஒரு புது நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். கணக்கு எழுதுவதில் அவர் அப்பா பிள்ளையாகத்தான் இருப்பார் என்று தோன்றுகிறது.

ஏழு வாரம் என்பது அதிகமில்லை. மருத்துவமனைக்கு இந்த வாரமே கடிதம் போடுங்கள். பதில் கைக்கு வருகிறவரை யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கேட்க வேண்டாம்.