வலிக்கு இன்னும் சில சொற்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 58 வயது. 8 மாதங்களுக்கு முன்பு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. இசிஜி, எக்கோ எல்லாம் நன்றாக இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். ஆனால் இடப்பக்க மார்பில் வலி போகவில்லை. சட்டை உரசினாலே எரிகிறது. மறுபடியும் அடைப்பு வந்துவிட்டதோ என்று சில இரவுகளில் பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். உங்களுக்கும் இதே அறுவை நடந்ததாக எழுதியிருந்தீர்கள். இந்த வலி எப்போது தீரும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இது மனப்பிரமை இல்லை. அறுவைக்குப் பின் 3 மாதங்களைக் கடந்தும் நீடிக்கும் வலியை மருத்துவம் தனியொரு நோய்நிலையாகவே கருதுகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு 11ஆம் பதிப்பில் அதற்கென்று ஓர் இடமும் உண்டு. இதை உங்கள் வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நெஞ்செலும்பை நெடுக அறுத்து, விலாக்கூட்டை விரித்துப் பிடித்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் எலும்பைக் கட்டி மூடுகிறார்கள். பைபாஸில் பெரும்பாலும் மார்புச் சுவரின் உட்புறம், இடப்பக்கமாக ஓடும் தமனியைப் பிரித்தெடுத்து இதயத்தின் இரத்தக் குழாயோடு இணைப்பதால், விலா எலும்புகளுக்கு இடையே வரும் மெல்லிய நரம்புகள் இழுபடவோ அறுபடவோ நேர்கிறது. எலும்பு ஏறத்தாழ 3 மாதங்களில் கூடிவிடும். நரம்பு தேறுவதற்கு அதைவிட நெடுங்காலம் பிடிக்கும். இசிஜியும் எக்கோவும் இதயத்தைப் பார்க்கும் சோதனைகள் என்பதால் நரம்பின் காயம் அவற்றில் தெரிவதில்லை.

நான் மருத்துவன் அல்லன். ஆனால் அறுவைக்குப் பின் 5 மாதங்கள், மருத்துவரிடம் போகும்போதெல்லாம் ‘வலிக்கிறது’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டுமே சொல்லி, ‘ஆறிவிடும்’ என்ற பதிலோடு திரும்பியவன். ஒருநாள், ‘துணி பட்டால் சுரீரென்று எரிகிறது, அதே இடத்தைக் கிள்ளினால் மரத்துக் கிடக்கிறது’ என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். எனக்கான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது.

குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், காந்தல், இறுக்கம், பாரம் என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. மரத்த தோலில் எழும் எரிச்சலும் காந்தலும் பெரும்பாலும் நரம்பைக் காட்டுகின்றன. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடியதாகவும், புரண்டு படுத்தால் மிகுவதாகவும் இருக்கும் குத்தல், விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பிலிருந்து வரக்கூடும். தோள்பட்டைகளுக்கு நடுவே ஏறும் கடுப்பு, காயத்தைக் காப்பதற்காக மாதக்கணக்கில் தோளைக் குறுக்கியே நடந்ததன் விளைவாக இருக்கலாம்.

பாரமும் இறுக்கமும் வேறு. நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சில் கல்லை ஏற்றினாற்போல் அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவி, நின்றால் தணியும் வலியைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓய்விலும் தணியாமல், வியர்வையோடோ மூச்சுத்திணறலோடோ வந்தால், நரம்புவலிதானே என்று காத்திருக்காமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த அடையாளங்கள் மங்கலாகவும் இருக்கலாம் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருப்பது நல்லது. இருமும்போது நெஞ்செலும்பு நகர்வது போன்ற உணர்வு, தழும்பில் கசிவு, காய்ச்சல், மல்லாந்து படுத்தால் மிகுந்து முன்னால் சாய்ந்தால் குறையும் வலி ஆகியவற்றையும் அறுவை செய்த மருத்துவர் அறிய வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்: எந்த இடம், எந்த நேரம், எது தூண்டியது, என்ன சொல்லால் அதைச் சொல்வீர்கள். நரம்புவலி என்று உறுதியானால் கபாபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகளைச் சிறிய அளவில் தொடங்குவார்கள். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வரலாம், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் ஒட்டுகளும் உண்டு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடவே வேண்டாம். இதய நோயாளிகளுக்கு அவை ஆபத்தானவை, ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவுக்கும் வழி உண்டு. எனக்கு நன்றாக உதவியது மிக எளிய ஒன்று: முழுவதும் ஆறிய தழும்பைச் சுற்றி நாள்தோறும் சில நிமிடங்கள் மென்மையான துணியால் வருடி, வாரங்கள் போகப்போகச் சற்றுச் சொரசொரப்பான துணிக்கு மாறினேன். தோல் மெல்ல மெல்லத் தொடுதலுக்குப் பழகியது.

இரவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் பலமுறை படித்தேன். பயந்தால் நெஞ்சுத் தசைகள் இறுகுகின்றன, இறுகினால் வலி கூடுகிறது, கூடிய வலி பயத்தை உறுதிப்படுத்துகிறது. இதய மறுவாழ்வுப் பயிற்சியில், கண்காணிப்பின் கீழ் நடந்துகொண்டிருக்கையில் மார்பு எரிந்தபோதும் திரையில் இதயத்துடிப்பு சீராகவே ஓடியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் என் இரவுகள் மாறின. உங்கள் மருத்துவமனையில் அத்தகைய பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எப்போது தீரும் என்று கேட்டீர்கள். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடுகிறது. எனக்கு இது 6ஆம் ஆண்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் இன்னும் மரத்திருக்கிறது, எரிச்சல் எப்போதாவதுதான் வருகிறது, இரவில் தூங்கிவிடுகிறேன்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது குறிப்பேட்டைக் கொடுத்து, வலி சிகிச்சை வல்லுநர் ஒருவரிடம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.