மின்னிதழ்களை மொத்தமாகக் கேட்டலாக்கில் ஏற்றுவது: கேள்வி பதில்

கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருளும், கேட்டலாக் பதிவுகளைத் திருத்தும் மார்க்எடிட்டும் வைத்துக்கொண்டு பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். சக நூலகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

மேடம், பதிப்பாளரிடமிருந்து 1,400 இதழ்களின் எக்செல் பட்டியல் வந்திருக்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டினால் ரிட்டயர் ஆனாலும் முடியாது. எங்கே தொடங்குவது?

முதலில் மார்க் ரெக்கார்டுகளாகவே, அதாவது நூலக மென்பொருள் நேரடியாகப் படிக்கும் கேட்டலாக் பதிவுகளாகவே, தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் கேபார்ட் ஃபைல் கேளுங்கள். 2010-இல் பிரிட்டனின் யுகேஎஸ்ஜி, அமெரிக்காவின் நைசோ என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து கொண்டுவந்த இதழ்ப் பட்டியல் வடிவம் அது. தலைப்பு, அச்சு ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), ஆன்லைன் ஐஎஸ்எஸ்என், எந்த வருடத்திலிருந்து கிடைக்கும், யூஆர்எல் என்று பத்திகள் ஒழுங்காக இருக்கும். மார்க்எடிட் இலவசம்தான். பட்டியலை மார்க் ரெக்கார்டுகளாக மாற்ற அதிலுள்ள டிலிமிட்டட் டெக்ஸ்ட் டிரான்ஸ்லேட்டரில், தலைப்பை மார்க்கின் 245 என்ற ஃபீல்டுக்கும், ஆன்லைன் எண்ணை 022-க்கும், யூஆர்எல்லை 856-க்கும் பொருத்துங்கள். அந்தப் பொருத்தத்தை டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டால் அடுத்த வருடம் அரை மணி நேர வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஃபைலை எக்செலில் டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். நேச்சர் இதழின் அச்சு எண் 0028-0836. நடுக்கோடு இல்லாமல் வந்திருந்தால் எக்செல் முன்னால் உள்ள சுழியங்களைத் தின்றுவிட்டு 280836 என்று காட்டும். இம்போர்ட் வழியாக எடுத்து, அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள்.

அச்சு எண்ணையும் 022-லேயே போட்டால் என்ன ஆகும்?

எனக்கு ஆனது உங்களுக்கும் ஆகும்! நேச்சருக்கு ஆன்லைன் எண் தனி, 1476-4687. மின்னிதழ் ரெக்கார்டில் 022-இல் இது மட்டும் வர வேண்டும். அச்சு எண்ணுக்கு 776 இருக்கிறது. நான் ஒருமுறை அவசரத்தில் அச்சு எண்களை 022-இல் வைத்து, ஐஎஸ்எஸ்என் பொருந்தினால் பழையதை மாற்று என்று கோஹாவில் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஓபேக்கில், அதாவது வாசகர்கள் தேடும் ஆன்லைன் கேட்டலாக்கில், பார்த்தால், ரேக்கில் தூசியோடு நிற்கும் பைண்டிங் தொகுதிகள் எல்லாம் ‘ஆன்லைன் ரிசோர்ஸ்’ ஆகியிருந்தன. ஏற்றிய ரெக்கார்டுகளை மொத்தமாகத் திரும்பப் பெற கோஹாவில் ‘அன்டூ’ இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் இடையில் யாராவது அந்த ரெக்கார்டுகளைத் திருத்தியிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் இப்போதெல்லாம் முதலில் பத்தே பத்து ரெக்கார்டுகளை ஏற்றிப் பார்ப்பேன்.

ஓபேக்கில் மின்னிதழ்களுக்குப் பக்கத்தில் புத்தகப் படம் வருகிறதே?

ரெக்கார்டின் தொடக்கத்திலுள்ள லீடரில், 07-ஆம் இடத்தில் தொடர் இதழைக் குறிக்கும் ‘எஸ்’ விழவில்லை. அதோடு 008-இன் 23-ஆம் இடத்தில் ஆன்லைனைக் குறிக்கும் ‘ஓ’ இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா ரெக்கார்டுக்கும் ஒரே மதிப்புதான், ஒரே தடவையில் மாற்றிவிடலாம்.

ஒரே இதழ் மூன்று தரவுத்தளங்களில் வருகிறது. மூன்று ரெக்கார்டா, ஒன்றா?

ஒன்றுதான். இதழ்களைக் கூட்டாகக் கேட்டலாக் செய்யும் அமெரிக்காவின் கான்சர் திட்டத்தில் 2003-லேயே இப்படி முடிவுசெய்துவிட்டார்கள். ஒரே ரெக்கார்டில் மூன்று 856. மூன்று பட்டியலையும் மார்க்எடிட்டிலேயே ஒன்றாக்கிய பிறகு ஏற்றுங்கள். கோஹாவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் கடைசியாக வந்தது முந்தையதை விழுங்கிவிடலாம்.

ஒவ்வொரு 856-இலும் எக்ஸ் சப்ஃபீல்டில் (வாசகருக்கு அல்லாமல் நமக்கான குறிப்பு எழுதும் உட்பகுதி) தொகுப்பின் பெயரையும் வருடத்தையும் எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்த வேலை முழுவதிலும் இதுதான் முக்கியம். ஏற்றுவது யாருக்கும் வந்துவிடும், சந்தா முடிந்ததும் சரியானதை மட்டும் பிடுங்குவதுதான் பாடு.

பட்டியலில் ‘பி1ஒய்’ என்று ஒரு குறி இருக்கிறது அக்கா, அது என்ன?

கடைசி ஒரு வருட இதழ்கள் கிடைக்காது என்று அர்த்தம். ‘ஆர்10ஒய்’ என்றால் கடைசி பத்து வருடம் மட்டுமே கிடைக்கும். குறியை அப்படியே வாசகர் முன் வைக்காதீர்கள். வாசகருக்கான குறிப்பு எழுதும் 856-இன் இசட் சப்ஃபீல்டில் ‘1998 முதல், கடைசி ஓராண்டு கிடைக்காது’ என்று மனிதர் மொழியில் எழுதுங்கள்.

நாங்கள் அரசுக் கல்லூரி. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசுத் திட்டம் வழியாக ஏறக்குறைய 13,000 இதழ்கள் வருகின்றன. எல்லாவற்றையும் ஏற்றலாமா?

30 பதிப்பாளர்களின் இதழ்கள் அவை. ஏற்ற முடியும், நான் ஏற்ற மாட்டேன். வணிகவியலும் தமிழும் படிக்கிற பிள்ளை ஓபேக்கில் தேடும்போது அறுவை சிகிச்சை இதழ்கள் வந்து நின்றால் யாருக்கு லாபம்? துறைகளிடம் பட்டியல் வாங்கி அவற்றை மட்டும் ஏற்றுங்கள், மிச்சத்துக்கு முகப்பில் ஒரு லிங்க் போதும். இதில் என்னோடு சண்டை போடும் நண்பர்கள் உண்டு. திட்டத்துக்கு நிதி ஒதுக்கியிருப்பது 2025 முதல் 2027 வரை, ஆகவே எக்ஸ் சப்ஃபீல்டை மறக்காதீர்கள்.

சந்தா முடிந்துவிட்டது. உடனே அழித்துவிடலாமா?

பொறுங்கள். ஒப்பந்தத்தை எடுத்து, சந்தா கட்டிய வருடங்களின் இதழ்களை நிரந்தரமாகப் பார்க்க உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 856-இல் வருடங்களை மட்டும் திருத்தினால் போதும். இல்லையென்றால் அந்தத் தொகுப்பின் 856-ஐ நீக்கிவிட்டு, வேறு 856 எதுவும் மிச்சமில்லாத ரெக்கார்டுகளை மட்டும் மொத்தமாக அழித்துவிடுங்கள். அப்புறம், தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரு மார்க் ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் முடிந்த சந்தாவை ஜூனில் புதுப்பிக்கிற நிர்வாகங்கள் உண்டு.