உளியைக் கொடுக்கலாமா?

வணக்கம் ஐயா,

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள நிபோங் திபாலிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பாட்டி பால் வெட்டிய உளி, பால் பிடிக்கும் மங்கு, தலைவிளக்கு மூன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. உளிப் பிடியில் அவர் சுற்றிய சேலைத்துணிகூட அப்படியே இருக்கிறது. பினாங்குத் தீவிலுள்ள ஓர் அருங்காட்சியகம் இவற்றை அன்பளிப்பாகக் கேட்கிறது. திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு அழைப்பார்களாம். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுங்கள். ஆனால் இரவலாகக் கொடுங்கள். அன்பளிப்பு என்று கையெழுத்துப் போட்டு, அவர்கள் பதிவேட்டில் எண் ஏறிவிட்டால் பொருள் அவர்களுடையது. காட்சிக்கு வைப்பதா, கிடங்கில் போடுவதா என்று அப்புறம் நீங்கள் கேட்க முடியாது. எத்தனை வருடம், சேதமானால் யார் பொறுப்பு, படங்களை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை எழுதி வாங்குங்கள்.

அடுத்தது விளக்க அட்டை. 'ரப்பர் உளி; இரும்பு, மரம்' என்ற அளவோடு நிறுத்திவிடுவார்கள். சேலைத்துணி விட்டுப்போகும். விடியற்காலைப் பனியில் பிடி வழுக்காமலிருக்கச் சுற்றினாரா, கை காய்த்துப்போனதாலா? உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். அட்டை எழுதுகிறவர் வீட்டுக்கு வந்து கேட்கட்டும். பாட்டியின் பெயரும் அதில் வேண்டும். அச்சுக்குப் போகுமுன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். அட்டை தமிழிலும் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஊர் இருக்கும் செபராங் பிறையில் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே நம் ஆட்கள் உழைத்திருக்கிறார்கள். இது சலுகை கேட்பதாகாது.

அதிகப்பிரசங்கித்தனமோ என்று தயங்கவேண்டாம். அனைத்துலக அருங்காட்சியக மன்றம் 2022இல் பிராகில் ஏற்றுக்கொண்ட 'அருங்காட்சியகம்' என்பதற்கான வரையறையிலேயே சமூகங்களின் பங்கேற்பு இருக்கிறது. நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தில், மாவோரி இனக்குழுக்கள் முறைவைத்து ஒரு கண்காட்சியில் தங்கள் கதையைத் தாங்களே சொல்கின்றன. நம் பக்கம் பெரும்பாலும் எல்லாம் முடிவான பிறகுதான் கோயில் தலைவரையோ சங்கத் தலைவரையோ கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுவார்கள். 'இந்தியச் சமூகத்தைக் கலந்தாலோசித்தோம்' என்று அறிக்கையில் ஒரு வரி வந்துவிடும். (நம் தலைவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, முன்வரிசை நாற்காலி கிடைத்தால் எதையும் மறுக்கமாட்டார்கள்.) பால் வெட்டியவர் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார்.

அப்புறம், காசு. காட்சியை வடிவமைப்பவருக்குச் சம்பளம், ஆய்வாளருக்குச் சம்பளம். நாள் முழுக்க உட்கார்ந்து தோட்டத்துக் கதை சொல்லும் உங்கள் அம்மாவுக்கு மட்டும் பொன்னாடையா? நேரத்துக்கு ஊதியம் கேளுங்கள், பாலம் தாண்டி வந்துபோகும் செலவையும் சேர்த்து.

மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இதில் கூடாது: தீவில் கண்காட்சி முடிந்ததும் ஒரு மாதமாவது நிபோங் திபாலில், ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், அந்தப் பொருள்களை வைக்கவேண்டும். தோட்டத்தில் வேலை செய்த எத்தனை பேர் தீவு வரை வந்து பார்க்கப்போகிறார்கள்? முடியாது என்றால் உளி வீட்டிலேயே இருக்கட்டும். அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.