நச்சரிப்பும் ‘நேகிங்’கும்

அன்புள்ள ஐயா,

என் மேலாளர் ஒரே ரிப்போர்ட்டை ஒரு வாரத்தில் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை சிரித்துக்கொண்டே ‘ஸ்டாப் நேகிங் மீ’ என்றேன். அந்த அம்மா முகம் சுண்டிப்போய்விட்டது. நச்சரிப்பது என்றுதானே அதற்கு அர்த்தம்? ‘கெட் ஆஃப் மை பேக்’, ‘நிட்பிக்கிங்’ இவையும் தப்பா? எதை எங்கே சொல்லலாம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அர்த்தமெல்லாம் நீங்கள் சொன்னதேதான். ஆனால் இதையே தமிழில், ‘ஏன் மேடம் சும்மா நச்சரிக்கிறீங்க’ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்களா? வாயே வந்திருக்காது. இரவல் மொழியில் பேசும்போது சொல்கிறவருக்குச் சூடு தெரிவதில்லை, கேட்கிறவருக்கு மட்டும் வழக்கம்போலச் சுடும்.

‘நேக்’ என்பது கறண்டுவது என்ற பொருள் கொண்ட ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ராத்திரி பூராவும் எலி பலகையைக் கறண்டுகிற சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள், பொருத்தமாகத்தான் இருக்கிறது. (கிழட்டுக் குதிரைக்குச் சொல்லும் நேக் வேறு சொல்.) தவிர, பெரும்பாலும் பெண்களைப் பற்றி, அதிலும் மனைவியைப் பற்றி, ஆண்கள் சொல்லிச் சொல்லியே அழுக்கேறிய வார்த்தை அது. மனைவிக்கு அடங்கிக் கிடக்கிற கணவனைச் சொல்ல, கோழி கொத்துவதை வைத்து வந்த ‘ஹென்பெக்ட்’டும் அதே ஜாதிதான். ஆண் மேலாளர் மூன்று முறை கேட்டால் ‘ஃபாலோ அப்’, பெண் கேட்டால் ‘நேகிங்’ என்றால் முகம் சுண்டாமல் என்ன செய்யும்?

‘கெட் ஆஃப் மை பேக்’ அதைவிட மோசம், முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறாய், இறங்கு என்கிற சண்டைப் பேச்சு. ‘கெட் ஆஃப் மை கேஸ்’ என்பதும் அப்படியே. ஆனால் இதே தொடரைச் சாப்பாட்டு வேளையில் சக ஊழியரிடம், ‘ஷீ இஸ் ஆன் மை பேக் அபவுட் தட் ரிப்போர்ட்’ என்று புலம்பினால் அது வெறும் புலம்பல், யாருக்கும் காயமில்லை (அவர் போய்ப் போட்டுக் கொடுக்காதவரை). ‘ப்ரீதிங் டவுன் மை நெக்’ சற்று வேறு மாதிரி. அதற்கு அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தாலே போதும்.

‘நிட்பிக்’ எனக்குப் பிடித்த சொல். நிட் என்றால் பேனின் முட்டை, நம்முடைய ஈர். உடனே ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது ஞாபகம் வரும், ஆனால் அது சின்னதை ஊதிப் பெரிதாக்குவது. நிட்பிக் செய்கிறவர் சொல்லும் குறை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், அற்பமாகவும் இருக்கும், அதனால்தான் எரிச்சல். நொட்டை சொல்வது என்றால் கிட்டத்தட்டச் சரி. வேடிக்கை என்னவென்றால், இதை மற்றவர்மேல் வீசினால் குத்தும், தன்மேலேயே போட்டுக்கொண்டால் பணிவாகிவிடும். மென்பொருள்காரர்கள் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும்போது, குறிப்புக்கு முன்னால் ‘நிட்’ என்று போட்டுவிட்டு எழுதுவார்கள். சின்ன விஷயம்தான், திருத்தாவிட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தம்.

அப்புறம், ஒரே தடவை வள்ளென்று விழுந்தால் அது நேகிங் ஆகாது, அதற்கு ‘பைட் மை ஹெட் ஆஃப்’. உட்காரவைத்து வறுத்தெடுத்தால் பிரிட்டனில் ‘டேர் எ ஸ்ட்ரிப் ஆஃப்’ என்பார்கள், இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படைப் பேச்சு. அங்கேயே புழங்கும் ‘ஹேவ் எ கோ’வில் மட்டும் ஜாக்கிரதை: ‘அட் இட்’ சேர்த்தால் முயன்று பார், ‘அட் ஹிம்’ சேர்த்தால் அவனைத் திட்டு.

அன்றைக்கு நீங்கள் ‘சாரி, ஐ ஓ யூ தட் ரிப்போர்ட்’ என்றிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அது சரி, கடைசியில் ரிப்போர்ட்டைக் கொடுத்தீர்களா இல்லையா, அதை எழுதவே இல்லையே?