புது வீடு, நாலு அறை, ஒரு டிஷ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தெஹிவளையில் இரண்டு மாடி வீடு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். மேல் ஸ்லாப் போட்டாயிற்று, சுவர்களுக்கு இன்னும் பூச்சுப் பூசவில்லை. ஹோல், அம்மா அப்பாவின் அறை, எங்கள் அறை, மேலே பிள்ளைகளின் அறை என்று நாலு இடத்தில் டிவி வைக்க விருப்பம். 'டிஷ்ஷிலிருந்து ஒரு கேபிள் இறக்கினால் போதும், உள்ளே ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்துவிடலாம்' என்கிறார் வயரிங் பாஸ். சரிவருமா?
– வாசகி ஒருவர், தெஹிவளை

பதில்: சரிவராது. ஆனால் பூச்சு வேலைக்கு முன்னமே கேட்டுவிட்டீர்கள், அதுவே பெரிய காரியம். இன்னும் இரண்டு கிழமை கழித்துக் கேட்டிருந்தால் புதுச் சுவரை வெட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

பாஸ் சொல்வது பழைய அன்டெனாவுக்குப் பொருந்தும். அன்டெனா எல்லாச் சனலையும் ஒன்றாகக் கேபிளில் இறக்கிவிடும், எத்தனை டிவிக்குப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். டிஷ் அப்படியல்ல. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்கு உங்கள் ரிசீவர் பெட்டிதான் கேபிள் வழியாக மின்சாரம் அனுப்புகிறது, என்ன வேண்டும் என்பதையும் அந்த மின்சாரத்தை வைத்தே சொல்கிறது. 13 வோல்ட் போனால் செங்குத்து அலை வரும், 18 வோல்ட் போனால் கிடை அலை வரும், கூடவே 22 கிலோஹேர்ட்ஸ் சிக்னல் ஒன்றும் போனால் மேல் மீடிறன் பட்டைக்கு மாறும். இப்போது ஒரே கேபிளில் இரண்டு பெட்டிகளைப் பூட்டினால், அம்மா கீழே 13 வோல்ட் சனல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை மேலே 18 வோல்ட் சனலுக்கு மாற்றிய உடனே அம்மாவின் படம் போய்விடும். எல்லாச் சனலும் ஒரே அலையில், ஒரே பட்டையில் வரும் சேவையாக இருந்தால் இந்தச் சண்டை வராது, அதை நம்பி வீட்டுக்கு வயரிங் செய்ய முடியாது. அதைவிட, ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்ப்ளிட்டர்களில் பல 1000 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும்தான், டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னலோ 950 இலிருந்து 2150 வரை. சரியான ஸ்ப்ளிட்டராகவே இருந்தாலும் நாலாகப் பிரிக்கும்போது சிக்னலில் 7, 8 டெசிபல் போய்விடும்.

ஆகவே அறைக்கு ஒரு கேபிள். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தொடுத்துக்கொண்டு போகாமல், நாலும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வரவேண்டும். மேல்மாடிப் படிக்குக் கீழேயோ சாமான் அறையிலோ ஒரு சின்ன அலுமாரியை அதற்கென்று ஒதுக்குங்கள், அதற்குள் ஒரு பிளக் பொயின்டும் இருக்கட்டும். அங்கிருந்து கூரைக்கு ஐந்து கேபிள் போகட்டும், ஐந்தாவது அன்டெனாவுக்கு, அல்லது ஒன்று பழுதாகும் நாளுக்கு. எல்.என்.பி.யை வாங்கும்போது 'குவாட்' என்று கேட்டு வாங்குங்கள், அதன் நாலு வாயும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் நாலு பெட்டிக்கு வேலை செய்யும். 'குவாட்ரோ' என்று இன்னொன்று இருக்கிறது, வெளியே பார்த்தால் அதேபோல இருக்கும், அது மல்டிசுவிட்ச்சோடு, அதாவது எந்தப் பெட்டி எதைக் கேட்கிறதோ அதை அதற்குப் பிரித்துக் கொடுக்கும் கருவியோடு பாவிப்பதற்கு. அதை நேரே பெட்டிகளில் பூட்டினால் ஒவ்வொரு அறையிலும் கால்வாசிச் சனல்தான் வரும், எங்கே பிழை என்று நாள் கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள். பின்னால் ஐந்து, ஆறு டிவி ஆகப்போகிறது என்றால் அப்போது குவாட்ரோவும் மல்டிசுவிட்ச்சும் எடுக்கலாம், மல்டிசுவிட்ச் அந்த அலுமாரிக்குள்ளேயே இருந்துகொள்ளும். சேவை தருபவரிடம் கூடுதல் பெட்டிகளுக்கு மாதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள், கேபிள் நாலு இருந்தாலும் ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பெட்டி வேண்டும்.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். டிஷ்ஷுக்குப் பாவிக்கும் ஆர்ஜி-6 வகைக் கேபிள், 75 ஓம், நடுக்கம்பி முழுச் செம்பு. இரும்புக் கம்பிக்குச் செம்பு பூசியது நிறையக் கிடைக்கிறது, நிறத்தை வைத்துப் பிடிக்க முடியாது. கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். கேபிள் நுனியில் நடுக்கம்பியை ஒரு அங்குலம் வெளியே எடுத்து, காந்தத்தைப் பக்கத்தில் பிடியுங்கள். கம்பி இழுபட்டால் உள்ளே இரும்பு. கிட்டத்து அறைக்கு அது பரவாயில்லை, ஆனால் கூரையிலிருந்து கீழ்மாடி வரை 30, 40 மீற்றர் போகும்போது அந்த 18 வோல்ட் எல்.என்.பி.க்குப் போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடும்.

சுவருக்குள் 25 மில்லிமீற்றர் கொன்டியூட் குழாய் போடுங்கள். அதற்குள் ஆர்ஜி-6 ஒன்றும், அதோடு கெட்-6 நெட்வேர்க் கேபிள் ஒன்றும் தாராளமாகப் போகும். இன்றைக்கு டிஷ்தான் வேண்டும் என்றாலும், பியோ டிவி போல இன்டர்நெட் கேபிளில் வரும் சேவைக்கு நாளைக்கு மாறினால் அந்தக் கெட்-6 கை கொடுக்கும். மூலைகளில் சட்டென்று திரும்பும் எல்போ வேண்டாம், வளைத்துத் திருப்புங்கள்: ஆர்ஜி-6ஐ ஏழு சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஆரையில் மடித்தால் உள்ளே நசுங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கேபிள் இழுத்த பிறகும் ஒரு நைலோன் கயிற்றைக் குழாய்க்குள் விட்டுவையுங்கள். மின்சார வயர் போகும் குழாய்க்குள் இதை இழுக்க விடவே கூடாது. பாஸ் 'இடமிருக்கிறதே' என்பார். இடம் இருக்கலாம், ஆனால் உள்ளே ஒரு வயரின் உறை தேய்ந்தால் 230 வோல்ட் நேரே டிவியின் பின்பக்கத்துக்கு வந்துவிடும்.

டிவியைச் சுவரில் மாட்டுவதாக இருந்தால், டிவி வரும் உயரத்திலிருந்து கீழே பெட்டி வைக்கும் இடம் வரை இரண்டு அங்குலப் பிவிசி குழாய் ஒன்றைச் சுவருக்குள் புதைத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ வயரின் தலை 25 மில்லிமீற்றர் குழாயின் வளைவில் திரும்பாது, அதற்காகத்தான் இந்தப் பெரிய குழாய். பூச்சு தொடங்குவதற்கு முதல் நாள் எல்லாச் சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் நாலாம் மாடியில் புது வீடு வாங்கியிருக்கிறோம். பல்கனி கிழக்குப் பக்கம். பல்கனியில் டிஷ் பூட்டலாமா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: எந்தச் சேவை என்பதைப் பொறுத்தது. டயலொக் டிவி என்றால் கஷ்டம். அதன் செய்மதி 45 பாகை கிழக்கு நெட்டாங்கில் இருக்கிறது, கொழும்போ ஏறக்குறைய 80 பாகையில். அதனால் இங்கிருந்து பார்க்கும்போது செய்மதி மேற்கே, கடல் பக்கம், அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 49 பாகை உயரத்தில் நிற்கும். உங்கள் கிழக்குப் பல்கனிக்கு முதுகுப் பக்கம் அது.

அப்போது மொட்டை மாடிதான் வழி. முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள், மேலிருந்து உங்கள் வீடு வரைக்கும் கேபிள் இறங்குவதற்குப் பொதுக் குழாய் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெளிச்சுவரில் கேபிளைத் தொங்கவிட வேண்டாம், வெயிலில் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே இறங்கும். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உயரமான கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருப்பதால் மேற்கே என்ன நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 49 பாகைக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது: மறைக்கும் கட்டடம் டிஷ்ஷைவிட எத்தனை மீற்றர் உயரமோ, அதிலிருந்து குறைந்தது அத்தனை மீற்றர் தள்ளி டிஷ் இருந்தால் தப்பலாம். டிஷ்ஷின் முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்.என்.பி. ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும் டிஷ் என்பதால் முகம் பார்க்கும் திசையைவிட நன்றாக மேலேயிருந்துதான் அது சிக்னல் வாங்குகிறது.

கடல் இவ்வளவு கிட்ட இருக்கும்போது உப்புக்காற்று ஒன்றையும் விட்டுவைக்காது. நட்டு, போல்ட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக வாங்குங்கள். கேபிள் நுனியில் போட்டு எல்.என்.பி.யில் பூட்டும் எஃப் கனெக்டர், கேபிளில் திருகிச் செருகும் வகை வேண்டாம், கருவியால் அழுத்திப் பூட்டும் வகை வேண்டும். அதற்கு மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம் தாங்காது. இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கிறது, அதைச் சுற்றுங்கள். கேபிள் சுவருக்குள் நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே இறங்கி, பிறகு மேலேறித் துளைக்குள் போகட்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும்.

கேள்வி: போன வருடம் மின்னலில் டிவியும் பெட்டியும் போய்விட்டன. புது வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, அது போதாதா?
– வாசகர் ஒருவர், வத்தளை

பதில்: போதாது. ட்ரிப் சுவிட்ச் மின் ஒழுக்கிலிருந்து ஆளைக் காப்பாற்ற வைத்தது, மின்னலுக்கு அது மிக மெதுவானது. மின்னல் வரும் வழியும் ஒன்றல்ல, மின்சார வயராலும் வரும், டிஷ் கேபிளாலும் வரும்.

டிஷ் நிற்கும் கம்பத்தையும் கேபிளின் வெளிப்பின்னலையும் வீட்டின் பிரதான எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள், தகுதியுள்ள எலக்ட்ரீசியனைக் கொண்டு. டிஷ்ஷுக்கென்று தோட்டத்தில் தனியாக ஒரு எர்த் ரொட் அடித்து அதோடு விட்டுவிடுவது ஆபத்து. பக்கத்தில் மின்னல் விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே பெரிய வோல்ட் வித்தியாசம் வரும், அது உங்கள் பெட்டி வழியாகத்தான் சமப்படும். திடீரென்று பாயும் கூடுதல் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு போடுவதென்றால் மெயின் போர்ட்டிலும் கேபிள் உள்ளே வரும் இடத்திலும் இரண்டிலும் போடுங்கள்.

இவ்வளவு செய்தாலும், மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்து, முதல் முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள், இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தலைக்கு மேல் இடிக்கத் தொடங்கிய பிறகு கேபிளில் கை வைக்கப் போகவேண்டாம், டிவி போனால் வேறு வாங்கலாம்.