வேலையை விட்டால் ஜீன் ஹேக்மன் ஆகலாமா?

கேள்வி: அம்மா, எனக்கு 41 வயது. கோவையில் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். காலேஜில் நாடகம் போட்டதோடு சரி. ஆனால் நடிப்பு ஆசை விடவில்லை. ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மன் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு வந்தது. நடிப்புப் பள்ளியில் தேறமாட்டார் என்று ஒதுக்கப்பட்டவர், ஓட்டல் வாசலில் கதவு திறந்துவிட்டவர், நாற்பது தாண்டி ஆஸ்கர் வாங்கினாராம். நானும் வேலையை விட்டுவிட்டுச் சென்னை போய் முயன்று பார்க்கலாமா? பையன் ஏழாவது படிக்கிறான். மனைவியிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை.
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, பதிவில் வந்தது பொய்யில்லை. கலிஃபோர்னியாவின் பாசடீனா பிளேஹவுஸ் என்ற நடிப்புப் பள்ளியில் 'தேறுவதற்கு வாய்ப்பே இல்லாதவர்கள்' என்று ஹேக்மனையும் கூடப் படித்த டஸ்டின் ஹாஃப்மனையும் சேர்த்தே முத்திரை குத்தினார்கள். நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்து உணவகம் ஒன்றின் வாசலில் அவர் சீருடை போட்டு நின்றதும், பழைய நாளில் தெரிந்த ஒருவர் அந்தக் கோலத்தைப் பார்த்துக் கேலி பேசிவிட்டுப் போனதும் அவரே சொன்னவைதான். 1972இல் 'த ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்துக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கியபோது வயது 42. நீங்கள் கணக்குப் போட்டது இந்த எண்ணை வைத்துத்தானே? அக்கவுண்ட்ஸ்காரர் ஆயிற்றே, விட்டுப்போன வரிகளையும் கூட்டிப் பாருங்கள்.

அவர் நாற்பதில் ஆரம்பிக்கவில்லை. 16 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லி மரைன் படையில் சேர்ந்தார், சீனா வரை போய்வந்தார். பாசடீனாவில் நடிப்புப் படிக்கச் சேர்ந்தது இருபதுகளின் நடுவில். பிறகு நியூயார்க். பிழைப்புக்குச் செருப்பு விற்றார், லாரி ஓட்டினார், மேசை நாற்காலி தூக்கி மாடியேறினார். கூடவே சின்னச் சின்ன மேடைகள், டி.வி.யில் துண்டு வேஷங்கள். 1964இல் 'லிலித்' படத்தில் சின்ன வேடம் ஒன்று கிடைத்தது. அதில் கூட நடித்த வாரன் பீட்டி இவரை ஞாபகம் வைத்திருந்து, தான் தயாரித்த 'பானி அண்ட் கிளைட்' படத்துக்குக் கூப்பிட்டார். 1967இல் படம் வந்தது, முதல் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அதே ஆண்டு 'த கிராஜுவேட்' படத்தின் ஒத்திகையிலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: கதாநாயகியின் அப்பா வேடத்துக்கு வயசு பத்தவில்லையாம்! அந்தப் படத்தின் கதாநாயகன் யார் என்று நினைக்கிறீர்கள்? பாசடீனா கூட்டாளி ஹாஃப்மன்தான்.

ஆக, நடிப்புப் பள்ளிக்கும் பேர் கிடைத்ததற்கும் நடுவே பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் நடித்துக்கொண்டே இருந்தார். நீங்கள் மேடையேறி இருபது வருஷமாகிறது.

அந்தப் பதிவில் ஃபே மால்டீஸ் என்ற பெயர் இருந்ததா? இருந்திருக்காது. அவர்தான் ஹேக்மனின் முதல் மனைவி. 1956இல் கல்யாணம். அதாவது கஷ்டகாலம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டவர். ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஹாஃப்மன், அவர்கள் வீட்டுச் சமையலறைத் தரையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். போகிற வழியாக இல்லை. நண்பர்கள் இதைப் பின்னாளில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள். காலையில் எழுந்து காபி போட வந்தவருக்கு எவ்வளவு சிரிப்பு வந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். அந்த வீட்டில் பிறகு மூன்று குழந்தைகள். 1986இல் விவாகரத்து.

உங்கள் பையன் ஏழாவது என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. இல்லினாய் மாநிலத்தில் டேன்வில் என்ற ஊர். ஹேக்மனுக்கு 13 வயது, தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறார். அப்பா காரில் கடந்துபோகிறார், நிற்கவில்லை, லேசாகக் கையை மட்டும் ஆட்டுகிறார். இனி வரமாட்டார் என்று பையனுக்கு அந்த ஒரு கையசைப்பிலேயே புரிந்துவிட்டது. ஒரு சின்ன சைகைக்கு எவ்வளவு அர்த்தம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டதாக வயதான பிறகும் சொன்னார். அவர் நடிப்பு தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். பெரிதாக எதுவும் செய்யாமல் கண்ணிலேயே கதை சொல்லிவிடுகிற ஆள். ஆனால் அதே மனிதர்தான், படப்பிடிப்பு படப்பிடிப்பு என்று வெளியூரிலேயே இருந்து, தேவைப்பட்ட வயதில் மகன் பக்கத்தில் இல்லாமல் போனதையும் ஒப்புக்கொண்டார். அது ஜெயித்த பிறகு நடந்தது, கவனியுங்கள்.

ஆசையை விடச் சொல்லவில்லை. வேலையை விடாதீர்கள் என்கிறேன். முதலில் இன்றைக்கு ராத்திரி மனைவியிடம் பேசுங்கள். என்னிடம் கேட்டுவிட்டு அவரிடம் சொல்லாமல் இருப்பது முறையில்லை. "சென்னை போகிறேன்" என்று ஆரம்பிக்காமல், "எனக்கு இப்படியொரு ஆசை இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். அவருக்கும் உள்ளுக்குள் ஏதாவது இருக்கும், அதையும் கேளுங்கள். பிறகு உங்கள் ஊரிலேயே நாடகம் போடுகிற குழுவைத் தேடி ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போங்கள். திரைக்கல்வி படிக்கிற பிள்ளைகள் குறும்படம் எடுப்பார்கள். மாமா, மேனேஜர், கடைக்காரர் வேடத்துக்கு அவர்களுக்கு நாற்பது வயது முகம் கிடைப்பதில்லை. காசு வராது, போங்கள். ஒரு வருஷம் இப்படி ஓடியும் ஒத்திகைக்குப் போக அலுக்கவில்லை என்றால், பிறகு சென்னையைப் பற்றி வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். குறைந்தது ஒரு வருஷ வீட்டுச் செலவு வங்கியில் இருந்தால் பேச்சு சுலபமாக இருக்கும்.

வாய்ப்பு வாங்கித் தருகிறேன், முதலில் போட்டோ ஆல்பத்துக்குப் பணம் கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால் மட்டும், ஒரு ரூபாய் கொடுக்காமல் வைத்துவிடுங்கள்.