இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஸ்வெட்டர் பின்னக் கற்பது ஏன் சிரமமாக இருக்கிறது?

முக்கால்வாசிச் சிரமம் சொல்லிக்கொடுக்கும் முறையால் வருவது. பின்னலில் இரண்டு கைக்கும் வேலை உண்டு. அதனால் முதலில் கான்டினென்டல் முறையை முயன்று பாருங்கள்: நூல் இடது கை ஆள்காட்டி விரலில் இருக்கும், வலது ஊசியின் முனை அதைக் கண்ணிக்குள் (ஊசியில் இருக்கும் நூல் வளையத்துக்குள்) இழுத்தெடுக்கும். பலருக்கு இதுவே போதும், பேட்டர்னில் (பின்னல் செய்முறைக் குறிப்பில்) எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒத்துவரவில்லையா? திசையை அப்படியே திருப்பி, அதாவது கண்ணிகளை வலது ஊசியிலிருந்து இடது ஊசிக்கு மாற்றிப் பின்னலாம். கற்றுத்தருபவரின் பக்கத்தில் அல்ல, எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் கை அசைவு புரியும்.

இந்த வழியில் பேட்டர்ன்தான் படுத்தும். இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் மற்றவர்களுக்கு வலப்பக்கம் சாயும், உங்களுக்கு இடப்பக்கம். சார்ட்டில் (கட்டம் போட்ட பின்னல் படத்தில்) முன்பக்க வரிசைகளை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கார்டிகன் (முன்பக்கம் திறந்து பட்டன் போடும் ஸ்வெட்டர்) என்றால் இடது முன்பகுதிக்கான குறிப்பில் பின்னியது வலது முன்பகுதியாக வரும், பட்டன் துளையும் இடம் மாறிவிடும்.